ஹொனலூலுவும் தேக்காவும்: தொலைக்காட்சி நாடகத்தில் நகரம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1968 முதல் 1980 வரை பன்னிரண்டு பருவங்களாக ஒளியேறிய ‘ஹவாய் பைவ்-ஓ’ என்னும் துப்பறியும் தொடர், தன் பெயரிலேயே ஊரைத் தாங்கியது. அது வெறும் பெயர்ப்பொருத்தம் அன்று. ஹொனலூலு நகரின் தெருக்களிலும் துறைமுகத்திலும் கடற்கரையிலுமே அத்தொடர் படமாக்கப்பட்டது. ஹாலிவுட் அரங்கினுள் அட்டைச் சுவர்களை நிறுத்தி, அதற்கு நியூயார்க் என்றோ சிகாகோ என்றோ பெயரிட்டுக் கதை சொல்வதே பெருவழக்காயிருந்த காலத்தில் அது துணிவான செயல். அத்தொடரின் இரண்டு மணி நேரப் பகுதியொன்று, ‘குதிரை ஆண்டு’ எனப் பொருள்படும் தலைப்புடன், 1979இல் வெளிவந்தது. அதற்காகப் படப்பிடிப்புக் குழு ஹவாயை விட்டுச் சிங்கப்பூருக்கே வந்தது. அதுவரை ஹொனலூலுவைத் தன் வீடாகக் கொண்டிருந்த படப்பெட்டி, இங்கு வந்தவுடன் சுற்றுலாப் பயணியின் கண்ணாக மாறிற்று. அங்கே தெரு கதையின் உறுப்பு. இங்கே அதுவே கதைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை.

அந்த ஈராண்டுகளில் சிங்கப்பூரைத் தேடி வந்த படப்பெட்டி இது ஒன்றுமட்டும் அன்று. பீட்டர் போக்டனோவிச் இயக்கிய ‘செயின்ட் ஜேக்’ 1978இல் இங்குப் படமாகி 1979இல் வெளிவந்தது. 2006 வரை இங்கு அதனைத் திரையிடத் தடை இருந்தது. தமிழகத்திலிருந்து 1978இல் ‘பிரியா’வும், 1979இல் கே. பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’ படமும் வந்தன. இவற்றுள் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உரியது ‘பிரியா’. சுஜாதாவின் மூலக் கதை இலண்டனில் நிகழ்வது. திரைப்படமாகும்போது அது இப்பகுதிக்கு இடம் பெயர்ந்தது. இலண்டனை எடுத்துவிட்டுச் சிங்கப்பூரை வைத்தபோதும் கதை நடந்துகொண்டுதான் இருந்தது. அங்ஙனமாயின், அக்கதைக்கு இலண்டன் எந்த அளவுக்குத் தேவையாய் இருந்தது? அதன்பின் சிங்கப்பூர்தான் எந்த அளவுக்குத் தேவையாயிற்று?

நாடகத்தில் வரும் நகரை மதிப்பிடுவதற்கு இவ்வினாவே தக்க உரைகல். நகரின் பெயரை அழித்துவிட்டு வேறொரு நகரின் பெயரை எழுதிப் பார்த்தல் வேண்டும். கதை அசையாமல் நின்றால் அந்நகரம் அதில் வாழவில்லை. பலகையில் மட்டுமே இருந்தது. கதை சரிந்தால் நகரம் அதன் தூண்களுள் ஒன்று.

இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கும்போது அமெரிக்கப் பழந்தொடர்கள் சில வியப்பான விளைவுகளைத் தருகின்றன. 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ மன்ஹாட்டனில் நிகழ்வதாகக் கூறப்பட்டாலும் ஹாலிவுட்டில் எடுக்கப்பட்டது. லூசியின் வீட்டு முகவரி கிழக்கு அறுபத்தெட்டாம் தெரு, 623 என்பது. அத்தெருவில் அவ்வளவு உயர்ந்த எண் இல்லை. அப்படியொரு வீடு இருந்திருந்தால் அது ஈஸ்ட் ஆற்றின் நீரில்தான் நின்றிருக்கும்! எழுதியவர்கள் ஊரைப் பற்றிப் பெரிதும் கவலைப்படவில்லை என்பது தெளிவு. ஆயினும் அத்தொடரில் நியூயார்க் இல்லாமற் போகவில்லை. லூசியின் கணவன் ரிக்கி கியூபாவிலிருந்து வந்த இசைக்கலைஞன்; இரவு விடுதியில் பாடிப் பிழைப்பவன். சினம் மிகும்போது அவன் ஸ்பானிய மொழியில் பொரிந்து தள்ளுவான். அதற்கு எவரும் மொழிபெயர்ப்புத் தரமாட்டார். வீட்டுரிமையாளர் ஒருவர், குடிவந்த கியூபர் ஒருவர், அவர்களுக்கிடையே புரிந்தும் புரியாத மொழிகள்: இத்தகைய கூட்டுக் குடியிருப்பு பல நாட்டார் வந்திறங்கும் துறைமுக நகருக்கே இயல்பு. முகவரி பொய், குடித்தனம் மெய்.

1955-56இல் 39 பகுதிகளாக வந்த ‘ஹனிமூனர்ஸ்’ இதற்கு நேர்மாறு. அதில் முகவரி மெய். பேருந்து ஓட்டுநன் ரால்ப் கிராம்டன் குடியிருக்கும் புரூக்ளினின் சான்சி தெரு, அவ்வேடம் பூண்ட ஜேக்கி கிளீசன் சிறுவனாய் வாழ்ந்த தெருவேயாகும். நாடகத்தில் அத்தெரு கண்ணிற் படுவதே இல்லை. ஓர் அறை, ஒரு மேசை, ஒரு சன்னல். அவ்வளவே அரங்கு. ஆனால் கணவன் பேருந்து ஓட்டுகிறான். மேல்வீட்டு நண்பன் நகரின் கழிவுநீர்க் கால்வாய்களில் வேலை செய்கிறான். ஒருவன் நகரின் மேல் ஓடுகிறான். மற்றவன் நகரின் கீழ் நடக்கிறான். இவ்விருவரும் மாலையில் வீடு திரும்பி உரையாடும்போது, காட்டப்படாத நகரம் முழுவதும் அந்த ஒற்றை அறைக்குள் வந்து அமர்கிறது. இடத்தைக் காட்டுவது வேறு, இடத்தை உணர்த்துவது வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது. பணமின்மையைக் காரணங் காட்டி நகரை விட்டுவிடும் நாடக ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் தகும்.

எழுபதுகளில் மற்றொரு போக்கு எழுந்தது. தலைமை நகரங்களை விட்டு இரண்டாம் நிலை நகரங்களுக்குத் தொடர்கள் சென்றன. 1970 முதல் 1977 வரை வந்த ‘மேரி டைலர் மோர் ஷோ’ மினியாபொலிசில் நிகழ்ந்தது. 1974 முதல் 1984 வரை வந்த ‘ஹேப்பி டேஸ்’ மில்வாக்கியில் நிகழ்ந்தது. இரண்டுமே பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸ் அரங்குகளில் எடுக்கப்பட்டவை. எனினும் மினியாபொலிஸ் என்ற தேர்வில் ஒரு கருத்து உண்டு. காதல் முறிந்து, தனியளாய், வேலை தேடிப் புதிய ஊருக்கு வரும் பெண்ணின் கதை அது. நியூயார்க்காயின் அவள் ஊரில் கரைந்துபோவாள். பிறந்த ஊராயின் உறவினர் வாய்க்கு அஞ்சுவாள். அறியாதவர் நடுவில் வாழவும், அவர்களை மெல்ல மெல்ல அறிந்துகொள்ளவும் ஏற்ற அளவுடைய ஊர் வேண்டும். அதற்கு மினியாபொலிஸ் பொருந்திற்று. தலைப்புக் காட்சியில் அவள் நகர வீதியில் நின்று தொப்பியை வானில் எறிகிறாள். அவ்வீதியிலேயே 2002இல் அவளுக்குச் சிலை எழுப்பப்பட்டது. கற்பனைப் பெண்ணுக்கு மெய்யான நகரம் எடுத்த சிலை! பாஸ்டன் நகரின் மதுக்கடையொன்றும் இவ்வாறே தன் பெயரை விட்டுக்கொடுத்தது. 1982 முதல் 1993 வரை ஒளியேறிய ‘சியர்ஸ்’ தொடரில் அதன் முகப்பு மட்டுமே காட்டப்பட்டது. உள்ளே நிகழ்ந்தன யாவும் ஹாலிவுட்டில் எடுக்கப்பட்டன. எனினும் பயணிகளின் வருகை அக்கடையை நாடகத்தின் பெயருக்கே மாற்றிவிட்டது. ‘டாலஸ்’ தொடரில் எண்ணெயும் செல்வமும் இல்லையேல் கதையே இல்லை; அது குறித்து விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்னொரு வகை, இல்லாத ஊரைப் படைத்தல். அமெரிக்கரின் மேபெரி அவ்வாறு எழுந்த ஊர். இந்தியத் தொலைக்காட்சியில் அதற்கு இணை மால்குடி. ஆர். கே. நாராயண் 1935இல் வெளியிட்ட முதல் நாவலிலேயே அவ்வூர் பிறந்துவிட்டது; ஐம்பதாண்டுகளுக்குப் பின்னர்ச் சங்கர் நாக் அதனைத் தொடராக்கியபோது கர்நாடகத்தின் அகும்பே சிற்றூர் மால்குடியாக வேடமிட்டது. இல்லாத ஊர் உரைகல்லுக்கு அகப்படாது எனக் கருதுவோர் உளர். அகப்படும். மால்குடியை எடுத்துவிட்டுச் சென்னையை வைத்தால் அக்கதைகளின் சிறுமையும் பெருமையும் ஒருங்கே கலைந்துபோகும்.

தமிழ் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி புதிய கலையன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. முதற்பொருள் என்ற சொல்லையே சற்று நின்று நோக்க வேண்டும். மரமும் பறவையும் தொழிலும் இசைக்கருவியும் கருப்பொருள். அவை பின்னர் வருவன. மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். எங்கே, எப்பொழுது என்ற இரண்டும் அமைந்த பின்னரே ஏனையவை அமையும். சிலப்பதிகாரமோ மூன்று காண்டங்களுக்கும் மூன்று நகரங்களின் பெயரையே சூட்டிக்கொண்டது. அது வெறும் நில வருணனைக்காகச் சூட்டிய பெயரன்று. கோவலன் சிலம்பை விற்கப் புகாரிலேயே முயன்றிருப்பின் கதை என்னாகும்? மாசாத்துவான் மகனை அங்கே எந்தப் பொற்கொல்லனும் கள்வன் எனக் கைகாட்டியிருக்க முடியாது. கூறினும் நம்புவார் இலர். மதுரையில் அவன் ஊரும் பேரும் அறியப்படாத அயலான். அயலான் கையில் அரசியின் சிலம்பை ஒத்த சிலம்பு. அவ்வளவே போதும். நகர்மாற்றமே கொலைக்குக் காரணமாகும் அமைப்பு அது. மதுரை என்ற இடத்தில் வேறு பெயரை எழுதிப் பார்க்க முனைவோர், காப்பியம் முழுவதும் சரிந்துவிடுவதைக் காண்பர்.

இவ்வளவு உயர்ந்த மரபுக்கு உரிய மொழியில், சிங்கப்பூர்த் தொலைக்காட்சி நாடகங்கள் நகரை எவ்வாறு கையாளுகின்றன என்பதே இனிக் காணவேண்டுவது. இத்தீவில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கிற்று. நான்கு மொழிகளுள் ஒன்றாகத் தமிழும் அதில் இடம் பெற்றது. நெடுங்காலம் தமிழுக்குக் கிடைத்தது ஒதுக்கீட்டு நேரமே. 2000ஆம் ஆண்டில் ‘வசந்தம் சென்ட்ரல்’ அமைந்தது. 2008 அக்டோபரில் ‘வசந்தம்’ தனி ஒளிவழியாயிற்று. நேரம் பெருகிற்று, நாடகங்கள் பெருகின, கால்டிகாட் குன்றின் அரங்குகளைக் கடந்து படப்பெட்டி தெருவுக்கும் வந்தது. 2010இல் தொடங்கிய ‘வேட்டை’ போன்ற காவல்துறைத் தொடர்களுக்கு வெளியே சென்றாக வேண்டிய கட்டாயமும் இருந்தது. ஆகவே குறை இடவசதியில் இல்லை.

குறை தேக்காவைக் கையாளும் முறையில் இருக்கிறது. ‘இது சிங்கப்பூர்த் தமிழர் கதை’ என்று அறிவிக்க வேண்டிய இடத்தில் படப்பெட்டி தவறாமல் சிராங்கூன் சாலைக்குச் செல்கிறது. மல்லிகைச் சரம், மஞ்சள் குங்குமம், வாழையிலைக் கட்டு, வீரமாகாளியம்மன் கோயிற் கோபுரம், நகைக்கடைக் கண்ணாடி, கிளி சோதிடர். இக்காட்சி அரை நிமிடம் ஓடும். பின்னர்க் கதை ஒரு வரவேற்பறைக்குள் புகுந்துகொள்ளும்; அந்த வரவேற்பறை சென்னையில் இருந்தாலும் ஒன்றே, கோலாலம்பூரில் இருந்தாலும் ஒன்றே. பாஸ்டன் மதுக்கடை முகப்புக்கு நேர்ந்ததே தேக்காவுக்கும் நேர்ந்தது: முகப்பு மட்டும் மெய். ஆனால் ‘சியர்ஸ்’ கதை அம்முகப்புக்குப் பின்னிருந்த மதுக்கடையிலேயே நிகழ்வதாயிற்று. இங்கே முகப்புக்கும் கதைக்கும் அந்த உறவும் இல்லை. இலக்கணச் சொல்லால் கூறின், கருப்பொருள் குவிந்து கிடக்கிறது, முதற்பொருளைக் காணோம்.

நிலம் இல்லாதது ஒருபுறம் இருக்க, பொழுது இல்லாதது அதனினும் பெருங்குறை. தேக்காவுக்குச் சிறுபொழுதும் பெரும்பொழுதும் உண்டு. விடியலில் சந்தைக்கு மீன் வாங்க வருவோரின் தேக்கா வேறு; நண்பகலில் வேலை நடுவே உணவுக்கு வருவோரின் தேக்கா வேறு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களின் தேக்காவை எல்லாரும் அறிவர். ஞாயிற்றுக்கிழமை மாலைத் தேக்காவோ முற்றிலும் வேறு. நாடகங்களிற் காணும் தேக்காவில் எப்பொழுதும் ஒரே வெயில்.

அந்த நிலத்தின் வரலாறு நாடக ஆசிரியனுக்கு எத்துணைப் பொருள் தரவல்லது என்பதை எண்ணும்போது இக்குறை மேலும் உறுத்துகிறது. தேக்கா என்பது தமிழ்ச் சொல்லே அன்று. சிறுமூங்கில் வளர்ந்த கரையைக் குறித்த ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்தது. ஆங்குள்ள பழைய சந்தைக்கு மலாயில் கந்தாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்று பெயர். கால்நடை வாணிகம் ஓங்கியிருந்த காலத்தின் எச்சமாகப் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அருகருகே நிற்கின்றன. ஒரே விலங்கு ஆங்கிலத்தில் ஒரு தெரு, மலாயில் ஒரு தெரு. 1915இல் எழுந்த அச்சந்தை 1982இல் சாலையின் மறுபக்கத்திற்கு மாற்றப்பட்டபோது, தேக்கா என்னும் பெயரைச் சீனப் பொதுமொழி ஒலிப்பில் எழுதி ‘சூஜியாவ்’ எனச் சூட்டினர். அப்பெயர் பலகையில் இருந்தது. மக்கள் நாவில் ஏறவில்லை. 2000ஆம் ஆண்டில் பலகை மீண்டும் தேக்காவாயிற்று. தமிழர் தம் ஊரெனக் கொண்டாடும் இடத்தின் பெயரைச் சீனர் தந்தனர். சீனப் பொதுமொழிப் பெயரைச் சீனரே ஏற்கவில்லை. இதில் ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு வேண்டிய அனைத்தும் உண்டு.

அருகிலேயே கந்தாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனை. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே ஒரு மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த மிகுதியான பேறுகள் எனக் கின்னஸ் நூல் அதனைப் பதிந்தது. விடுதலை பெற்ற நாட்டின் முதல் தலைமுறையில் மிகப் பெரும்பாலோர், சீனரும் மலாய்க்காரரும் தமிழரும், தேக்காவின் எல்லையில்தான் கண்விழித்தனர் என்பது பொருள். இந்தியருக்குரிய பகுதி என்று சுற்றுலாக் கையேடுகள் காட்டும் இடம் உண்மையில் எல்லாருடைய பிறப்பிடம். நாடகங்களின் அரை நிமிடத் தேக்காவில் இதற்கு இடமில்லை.

சிங்கப்பூர்த் தமிழ் நாடகம் என்றுமே இப்படித்தான் இருந்தது எனக் கொள்ளலாகாது. தொலைக்காட்சியைக் காட்டிலும் வானொலி இவ்வகையில் முந்திக்கொண்டது. அறுபதுகளின் இறுதியில், புதுமைதாசன் என்னும் புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன் சிங்கப்பூர் வானொலிக்கு எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ என்னும் தொடர்நாடகம் வாரந்தோறும் ஒலியேறிற்று. தலைப்பிலேயே முதற்பொருள் அமைந்துவிட்டது. கம்பத்து வீடுகளையும் கடைவீடுகளையும் விட்டு மக்கள் அரசாங்க அடுக்குமாடிகளில் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணாசாமி தேக்காவில் மாலை கட்டுபவர் அல்லர், அடுக்குவீட்டில் வாழ்பவர். அடுத்த வீட்டுச் சுவருக்கும் தம் வீட்டுச் சுவருக்கும் வேறுபாடில்லாத புதிய வாழ்வு, அப்புதுமையில் பழைய மனிதர் படும் பாடு ஆகியவற்றிலிருந்தே நகைச்சுவை பிறந்தது. அவரைத் தமிழகத்துத் திண்ணை வீட்டுக்கு மாற்றினால் தலைப்பே பொய்யாகிவிடும். கண்ணுக்கு ஒன்றையும் காட்ட இயலாத வானொலி, காதின் வழியே ஓர் ஊரைக் கட்டிற்று. புரூக்ளினின் ஒற்றை அறைக்கு இத்தீவில் தோன்றிய உடன்பிறப்பு எனலாம். 2008இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டபோது அவர்தம் சேக்சுபியர் மொழிபெயர்ப்புகள் பெரிதும் பேசப்பட்டன. அவற்றுக்கு எவ்வகையிலும் குறைந்த சாதனையன்று அண்ணாசாமி.

அண்ணாசாமி கற்றுத்தரும் உண்மை எளியது. சிங்கப்பூர்த் தமிழன் தேக்காவுக்குச் செல்பவன். ஈசூனிலும் ஜூரோங்கிலும் அங் மோ கியோவிலும் வாழ்பவன். சந்தையை ஒட்டி எழுந்த அடுக்குமாடிகளில் குடியிருப்போர் நீங்கலாக, ஏனையோர்க்குத் தேக்கா போய்வரும் இடம். 1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வோர் அடுக்குமாடியிலும் ஒவ்வோர் இனத்தாரும் இவ்வளவுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. அதனால் இத்தீவில் தமிழர் தெரு என ஒன்று புதிதாய் உருவாக வழியில்லை. தமிழ்க் குடும்பம் எங்கிருந்தாலும் மின்தூக்கியில் உடன் வருபவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கவே வாய்ப்பு மிகுதி.

இனி நாடகங்களை நோக்குக. அண்டை வீட்டார் தமிழர், மருத்துவர் தமிழர், மேலதிகாரி தமிழர், வழக்கறிஞரும் திருடனும் தமிழர். மின்தூக்கி திறந்தால் உள்ளே நிற்பவரும் தமிழர். தமிழ் ஒளிவழியில் தமிழ்தானே பேசப்படவேண்டும் என வினவலாம். வினா நேர்மையானது, ஒளிவழியின் கடமையும் அதுவே. ஆனால் பிறமொழி அறவே புகாத தமிழ் உலகைப் படைக்கும்போது ஒரு விளைவு நேர்கிறது. அவ்வுலகம் சிங்கப்பூரில் இல்லை என்பது பார்க்கும் மாணவனுக்குத் தெரியும். தமிழ் பேசும் உலகம் பொய்யுலகம் என்ற எண்ணம் அவனை அறியாமலே அவனுள் படிகிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இல்லத்தில் பெரிதும் தமிழே பேசுவதாகக் கூறியோர் 3.3 விழுக்காட்டினர், 2020இல் அவர்கள் 2.5 விழுக்காட்டினர். பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டும் எனத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005இல் பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு, பெரியவர்கள் தமக்குள் தமிழ் பேசிக்கொள்வதைக் கேட்க எஞ்சியிருக்கும் மிகச் சில வாயில்களுள் தொலைக்காட்சி நாடகம் ஒன்று. அவ்வாயிலின் வழியே தெரியும் ஊர், அப்பிள்ளை அறிந்த ஊராக இருத்தல் வேண்டும்.

1951இல் ஆங்கிலம் மட்டுமே அறிந்த அமெரிக்கப் பார்வையாளர் முன்னிலையில் ரிக்கி ஸ்பானிய மொழியில் சினந்தான். அதனால் ஆங்கிலம் தேய்ந்துவிடவில்லை, நியூயார்க் துலங்கிற்று. மூன்றாம் மாடி சீன மூதாட்டி ஹொக்கியனில் ஒன்று கேட்க, தமிழ்ப் பெண் கொச்சை மலாயில் விடையிறுத்துவிட்டு, வீட்டுக்குள் வந்து தாயிடம் அதனைத் தமிழில் எடுத்துரைக்கும் காட்சியில் தமிழுக்கு இழப்பு எதுவும் இல்லை. வீட்டுக்குள் தமிழ் ஏன் பேசப்படுகிறது என்பது அப்பொழுதுதான் விளங்கும்.

ஆங்கில நாடகம் ஒருவகையில் இத்துணிவைக் காட்டிற்று. 1995 முதல் 2003 வரை வந்த ‘அண்டர் ஒன் ரூப்’ என்னும் நகைச்சுவைத் தொடர், டான் குடும்பத்தாரைப் பீஷான் அடுக்குமாடியில் குடியமர்த்தி, அவ்வூரின் பெயரை வெளிப்படையாகவே கூறிற்று. மில்வாக்கிக்கும் மினியாபொலிசுக்கும் அமெரிக்கர் தந்த இடத்தை இங்கே பீஷான் பெற்றது. தமிழ்த் திரையில் ஆழமான முயற்சிகள் சின்னத்திரைக்கு வெளியிலிருந்து வந்தன. 2008இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்ற எரிக் கூவின் ‘மை மேஜிக்’ படத்தின் நாயகன், மதுக்கூடத்தில் துப்புரவுப் பணி செய்யும் முன்னாள் மாயவித்தைக்காரன்; அவன் பேசுவது தமிழ். கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ 2016இல் கான் விழாவின் திறனாய்வாளர் வாரத்தில் இடம் பெற்றது. சிறையிலிருந்து மீண்ட தமிழன் ஒருவன் பல மொழிகளுக்கிடையே தன் குடும்பத்தைத் தேடும் கதை. இவ்விரண்டின் இருண்ட நோக்கு குடும்பத்தோடு பார்க்கும் தொடருக்கு ஒவ்வாது எனலாம். இருண்மையை வாங்கிக்கொள்ள வேண்டுவதில்லை. அம்மாந்தர் ஓர் இடத்தில் நிற்கிறார்கள் என்ற உணர்வை வாங்கிக்கொள்ளலாம்.

தேக்காவைத் தவிர்ப்பது வழியன்று. அதனை அலங்கார வளைவாக்காமல் நிகழ்களமாக்குவதே வேண்டுவது. 2013 டிசம்பர் 8ஆம் நாள், ஒரு ஞாயிறு இரவு, ரேஸ்கோர்ஸ் சாலையில் பேருந்து மோதி ஓர் இந்திய ஊழியர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதன் பின்னர் அப்பகுதியில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. 2015இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அந்த இரவு தமிழருக்குள்ளேயே இருந்த ஓர் எல்லைக்கோட்டை வெளிப்படுத்திற்று. இங்குப் பிறந்து வளர்ந்த தமிழர் ஒரு பக்கம். கட்டுமானத் தளத்திலும் கப்பற் பட்டறையிலும் உழைத்து ஞாயிறன்று மட்டும் தேக்காவுக்கு வரும் தமிழர் மறுபக்கம். இருவர் பேசுவதும் தமிழ். இருவர் தமிழும் ஒன்றன்று. ஊர் அறியாத அயலான் மீது ஐயம் விழுவது எவ்வளவு எளிது என்பதை மதுரைக் காண்டம் முன்னரே கூறிவிட்டது. அக்காண்டத்தைப் பாடமாகக் கற்பிக்கும் ஆசிரியர், தேக்காவின் ஞாயிறு மாலையை எடுத்துக்காட்டாகக் கூறுவதில் தவறில்லை. நாடகங்களிலோ வெளிநாட்டு ஊழியர் பெரும்பாலும் நகைப்புக்கு வருகிறார். அல்லது கண்ணீருக்கு வருகிறார். கடையில் நின்று கைப்பேசிக்கு நிரப்பு அட்டை வாங்குபவராக, விலை கேட்டு மறுப்பவராக, நண்பனோடு கோமள விலாசில் தேநீர் அருந்துபவராக, அதாவது ஊரில் உள்ள ஒருவராக, அவர் வருவது அரிது.

உலகின் பெரிய படப்பெட்டிகளுக்குச் சிங்கப்பூர் இன்றும் வேடமிடும் நகரமாகவே பயன்படுகிறது. 2020இல் வெளிவந்த ‘வெஸ்ட்வேர்ல்டு’ தொடரின் மூன்றாம் பருவத்தில் இந்நகரின் கட்டடங்கள் எதிர்கால லாஸ் ஏஞ்சலிசாகத் தோன்றின. ஒருகாலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் எல்லா ஊர்களாகவும் நடித்தது. இன்று லாஸ் ஏஞ்சலிசாக நடிக்கும் முறை சிங்கப்பூருக்கு வந்திருக்கிறது! கண்ணாடிக் கோபுரங்களுக்கு இது எளிது. தேக்காச் சந்தையின் தரைத்தளம் அவ்வாறு வேறோர் ஊராய் நடிக்க இயலாத இடம். ஈரத் தரை, ஒரு பக்கம் ஆட்டிறைச்சி வெட்டும் கட்டைகள், மறுபக்கம் நண்டும் சுறாவும். முருங்கைக்காயைத் தமிழிலேயே பெயர் சொல்லிக் கூவி விற்கும் சீன வணிகரும், அவரிடம் மலாயில் பேரம் பேசும் தமிழ்ப் பாட்டியும், பாட்டியின் பையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் முணுமுணுக்கும் பேரனும் அங்கு நாள்தோறும் காணக் கிடைக்கின்றனர். கறிவேப்பிலையை அவ்வணிகர் காசு வாங்காமல் மேலே போட்டுத் தருகிறார். பேரனிடம் தமிழில் ஏதோ கேட்கிறார். பையன் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறான்.